கேட் தேர்வு: 2,600 ரூபாய்க்கு வாங்கும் ஓர் எண்

பொறியியல் முதுகலைக்கான கேட்டும் மேலாண்மைப் படிப்புக்கான கேட்டும் தமிழில் எழுதினால் ஒரே சொல்தான். இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி: ஐ.ஐ.எம்.கள் (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) முறைவைத்து, அண்மை ஆண்டுகளில் நவம்பர் கடைசி ஞாயிறன்று நடத்திவரும் காமன் அட்மிஷன் டெஸ்ட். இதைத் தேர்வாகப் பார்ப்பதை விட, காசு கொடுத்து வாங்கும் சேவையாகப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது, எவ்வளவு நாள் செல்லும், எந்தக் கடையில் செல்லும், எங்கே செல்லாது?

2025இல் கட்டணம் 2,600 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300. எத்தனை ஐ.ஐ.எம்.களைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரே தொகைதான். இது உண்மையிலேயே நல்ல விலை. ஆனால் சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறைக்கும், திருச்சி என்.ஐ.டி.க்கும், கிரேட் லேக்ஸ் போன்ற தனியார் நிறுவனங்களுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம். கேட் எழுதிவிட்டோம், எல்லாரும் தாமே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து ஜனவரியில் கையைப் பிசைபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. பல கல்லூரிகளின் விண்ணப்பக் கெடு, கேட் முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும்.

கிடைக்கும் மதிப்பெண் அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரை செல்லும். அதாவது ஒரே ஒரு சேர்க்கைப் பருவம். ஆண்டுக்கு ஒரு முறைதான் தேர்வு. அன்று காய்ச்சல் வந்தால் அந்த வருடம் போயிற்று. இதோடு ஒப்பிட, உலகெங்கும் மேலாண்மைப் படிப்புகள் ஏற்கும் ஜிமேட் தேர்வு இருக்கிறது: 275 டாலர் அளவில் விலை, 5 ஆண்டு செல்லுபடி, 16 நாள் இடைவெளி விட்டு 12 மாதத்தில் 5 தடவை வரை எழுதலாம், பிடித்த மதிப்பெண்ணை மட்டும் அனுப்பலாம். விலையில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. வேலையில் சில ஆண்டுகள் கழித்தவர்களுக்கு ஜிமேட்டின் அந்த வசதி விலைக்குத் தகும். கல்லூரி முடிக்கும் தறுவாயில் இருப்பவருக்கு, இந்தியாவுக்குள் இரண்டு ஆண்டுப் படிப்புதான் குறி என்றால், கேட்தான் சிக்கனம்.

உள்ளே என்ன இருக்கிறது

120 நிமிடம், மூன்று பகுதிகள், பகுதிக்கு 40 நிமிடம். ஆங்கில வாசிப்பு 24 கேள்வி, தரவும் தர்க்கமும் 22, கணிதம் 22. ஆக 2024இல் 68 கேள்வி, 204 மதிப்பெண். சரிக்கு 3, கொள்குறிக் கேள்வி தவறினால் 1 கழியும், விடையைத் தட்டச்சிடும் கேள்விகளுக்குக் கழிவு இல்லை. ஆகவே தட்டச்சு வகையில் எதையும் வெற்றாக விட்டு வரக்கூடாது. வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வியில் நான்கு வாக்கியமும் புரியாவிட்டாலும் ஓர் எண்வரிசையைப் போட்டுவிட்டு நகரலாம். இழப்பு பத்து விநாடி.

ஒரு பகுதியின் 40 நிமிடம் முடியும்வரை அடுத்ததற்குப் போக முடியாது, முடிந்தபின் திரும்ப முடியாது. இந்தப் பூட்டுதான் தேர்வின் குணத்தையே தீர்மானிக்கிறது. கணிதத்தில் புலியாக இருப்பவர் கணிதத்தைச் சீக்கிரம் முடித்து மிச்ச நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுக்க வழியில்லை.

ஆங்கிலப் பகுதியில் நான்கு பத்திகள், பத்திக்கு நான்கு கேள்வி. மீதி எட்டும் சுருக்கம், வரிசை, பொருந்தாத வாக்கியம் போன்றவை. பத்திக்கு 8 நிமிடம் என்றால் 32 போய்விடும், எட்டுக் கேள்விக்கு எட்டு நிமிடம். பலர் இங்கே கவிழ்வது வேகக் குறைவால் அல்ல. நான்கு பத்திகளில் ஒன்று வேண்டுமென்றே சுருண்டு கிடக்கும். அதை முதலில் தொட்டு 13 நிமிடம் கொடுத்துவிடுவார்கள்.

தரவும் தர்க்கமும் பகுதியில் இது இன்னும் கொடுமை. 2024இல் ஐந்து தொகுப்புகள்: இரண்டில் தலா 5 கேள்வி, மூன்றில் தலா 4. ஐந்தையும் முடிப்பவர் அரிது. மூன்றைச் சுத்தமாக முடித்தாலே மிக நல்ல இடம். முதல் ஐந்து நிமிடம் எதையும் தீர்க்காமல் ஐந்தையும் படித்து, எது விரியும் எது விரியாது என்று முடிவெடுப்பதே முக்கால் வேலை. 12 நிமிடம் ஆகியும் ஒரு தொகுப்பின் அட்டவணை நிரம்பவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். 'இவ்வளவு நேரம் போட்டாச்சே' என்று பிடித்துத் தொங்குவதுதான் இப்பகுதியின் அதிகப்படியான சேதத்துக்குக் காரணம்.

கணிதத்தில் சதவீதம், விகிதம், வேகம், கலவை போன்ற அடிப்படைக் கணக்கும் இயற்கணிதமும்தான் பெரும்பகுதி. பத்தாம் வகுப்புக்கு மேல் போகும் பாடம் சொற்பம். கடினம், எதை விடுவது என்பதில் இருக்கிறது.

இயந்திரம் பற்றிச் சில. கால்குலேட்டர் திரையிலேயே உண்டு, மவுஸால் அழுத்த வேண்டும். எண் விடைகளையும் திரையில் தெரியும் விசைகளால்தான் இட வேண்டும்; மேசையில் இருக்கும் விசைப்பலகையைத் தொடாதீர்கள், கணினி பூட்டிக்கொள்ளலாம். விடையைத் தேர்ந்துவிட்டு, 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தாமல் வலப்பக்க எண் கட்டத்தில் தாவினால் விடை பதிவாகாது. விடை குறித்துப் பதிந்து, 'மறுபார்வைக்கு' என்றும் அடையாளமிட்ட கேள்வி மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும். இவ்வளவையும் அதிகாரபூர்வத் தளத்தின் இலவச மாதிரித் தேர்வில் ஒரு தடவை செய்து பார்த்தால் போதும். காசு கட்டிய பயிற்சி மையத்தின் மாக் தேர்வுகளை நாற்பது எழுதி, இந்த இலவசத்தைத் தொடாமல் போகிறவர்கள் உண்டு.

பெர்சென்டைல் என்னும் பொருள்

தேர்வு மூன்று வேளைகளில் நடக்கிறது. மூன்றும் வெவ்வேறு வினாத்தாள் என்பதால், ஒரு வேளை கடினமாகவும் ஒன்று இலகுவாகவும் அமைந்ததைப் புள்ளியியல் முறையில் சமன்செய்து மதிப்பெண் தருகிறார்கள். அந்தச் சமன்செய்த மதிப்பெண்ணிலிருந்துதான் பெர்சென்டைல்.

கணக்கு எளிது. தேர்வெழுதியோர் எண்ணிக்கையிலிருந்து தரவரிசையில் உங்கள் இடத்தைக் கழித்து, அதே எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 2024இல் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். 99 பெர்சென்டைல் என்றால் உங்களுக்கு முன்னால் சுமார் 2,930 பேர். 99.99 என்றால் 29 பேர். இரண்டு தசமத்துக்கு முழுமையாக்குவதால் 99.995ஐத் தொட்டாலே 100 என்று அச்சாகும், 2.93 லட்சத்தில் அது முதல் 14 இடங்கள். அந்த ஆண்டு 14 பேர் 100 பெற்றதாக வந்த செய்தியில் ஆச்சரியம் எதுவுமில்லை, வகுத்தல் கணக்குதான்.

இன்னொன்று: 99 பெர்சென்டைல் எடுத்தவர், மொத்த மதிப்பெண்ணில் பாதியைக்கூட எடுத்திருக்க மாட்டார். அண்மை ஆண்டுகளில் இதுதான் நிலை. இது பலருக்கும் தெரியாததால் தேர்வறையில் பாதிக் கேள்வியை விட்டதும் மனம் உடைந்து, மீதியில் தப்புத்தப்பாய்க் குறிக்கிறார்கள்.

இந்த எண் எவ்வளவு தூரம் போகும்

இங்கேதான் விஷயம். பயிற்சி மைய விளம்பரங்கள் கேட்டை ஒற்றைச் சாவியாகக் காட்டுகின்றன. நிறுவனங்கள் தாங்களே வெளியிடும் சேர்க்கை ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. வருடாவருடம் அவற்றை முழுதாகப் படிப்பவர் குறைவு.

அகமதாபாத் ஐ.ஐ.எம்.மை எடுத்துக்கொள்வோம். நேர்முகத்துக்கு அழைக்க அது பயன்படுத்திவரும் கூட்டு மதிப்பெண்ணில் கேட்டுக்கு 65 சதவீதம். மீதி 35, 'அப்ளிகேஷன் ரேட்டிங்' எனப்படும், உங்கள் கடந்தகாலத்தின் கணக்கு: பத்தாம் வகுப்புக்கு 10, பன்னிரண்டுக்கு 10, பட்டத்துக்கு 10, வேலை அனுபவத்துக்கு 5, ஆக 35 புள்ளி. பத்தாம் வகுப்பில் 55 சதவீதம் வரை 1 புள்ளி, 60 வரை 2, 70 வரை 3, 80 வரை 5, 90 வரை 8, 90க்கு மேல் 10. பன்னிரண்டில் அறிவியல் பிரிவுக்கும் இதே படிகள். வணிகப் பிரிவுக்கு 75ஐத் தாண்டினாலே 8. கலைப் பிரிவுக்கு 70ஐத் தாண்டினால் 8, 85ஐத் தாண்டினால் 10.

படிகளின் விளிம்பைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு 500க்கு. 450 எடுத்தால் சரியாக 90 சதவீதம், 8 புள்ளி. 451 எடுத்தால் 10. பன்னிரண்டு 600க்கு: 540க்கு 8, 541க்கு 10.

இதைக் கேட் மதிப்பெண்ணாக மாற்றிப் பார்க்கலாம். அந்த ஆண்டு விண்ணப்பித்தோரில் ஒருவர் 35 புள்ளியும் வைத்திருக்கிறார், கேட்டில் உச்ச மதிப்பெண் 160 என்று வைத்துக்கொள்வோம். ரேட்டிங்கையும் கேட் மதிப்பெண்ணையும் இந்த உச்சங்களால் வகுத்துத்தான் எடை போடுவார்கள். அப்போது ரேட்டிங்கில் ஒரு புள்ளி, 1க்கு எண்ணும் கூட்டு மதிப்பெண்ணில் 0.01 (0.35ஐ 35ஆல் வகுத்தது). ஒரு கேட் மதிப்பெண்ணுக்கு 0.004தான் (0.65ஐ 160ஆல் வகுத்தது) என்பதால், அதைக் கேட்டில் ஈடுகட்ட ஏறக்குறைய இரண்டரை மதிப்பெண் வேண்டும். பதினைந்து வயதில் விட்ட ஒரே ஒரு மதிப்பெண், அதாவது 451க்குப் பதில் 450, இருபத்தோரு வயதில் கேட்டில் 5 மதிப்பெண்ணுக்குச் சமம். 80 சதவீதத்தில் நின்றவருக்கும் 81 எடுத்தவருக்கும் இடையில் 3 புள்ளி, அதாவது ஏழரை கேட் மதிப்பெண்.

இருவரை எதிரெதிரே நிறுத்துவோம். ஒருவருக்குப் பள்ளியில் 10, 10, பட்டத்தில் 8, வேலை இல்லை: 28 புள்ளி. இன்னொருவருக்கு 5, 5, 5, கூடவே மூன்றாண்டு வேலைக்கு 5: 20 புள்ளி. எட்டுப் புள்ளி வித்தியாசம். இரண்டாமவர் கேட்டில் முதலாமவரை விட 20 மதிப்பெண் கூடுதலாக எடுத்தால்தான் சரிக்குச் சரி. ஆறேழு கேள்வி. 99 பெர்சென்டைலை ஒட்டிய உயரத்தில் 20 மதிப்பெண் என்பது ஆயிரம் பேருக்கு மேல் தாண்டிப் போகும் தூரம். 99.5 வாங்கியவருக்கு அழைப்பு வராமல், அதைவிடக் குறைவாக வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். சிபாரிசு எதுவும் இல்லை.

வேலை அனுபவத்தின் கணக்கும் ஒரு விசித்திரம். 11 மாதம் வரை பூஜ்யம். 12 மாதத்திலிருந்து, மொத்த மாதத்தில் 11ஐக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும்: 12 மாதத்துக்கு 0.2, 24க்கு 2.6, 36க்கு 5. அதற்குமேல் ஏறாது. ஐந்து வருடம் உழைத்தவருக்கும் மூன்று வருடத்துக்கும் ஒரே புள்ளி. பட்டம் முடித்த பிறகான முழுநேர, சம்பள வேலை மட்டுமே கணக்கில் வரும், இன்டர்ன்ஷிப் சேராது. கேட் எழுதும் ஆண்டின் ஜூலை 31 வரைதான் எண்ணுவார்கள் என்பதால், ஆகஸ்டில் ஓராண்டு நிறைபவருக்கு அந்த ஆண்டு பலனில்லை. மேலே சொன்ன அனுமானத்திலேயே, மூன்றாண்டு வேலையின் மொத்தப் பலன் கேட்டில் நான்கு கேள்வி. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசிக்கட்டும்.

நேர்முகம் முடிந்தபின் கேட்டின் எடை இன்னும் சுருங்கும். அகமதாபாத் அண்மைக் காலமாகப் பின்பற்றிய இறுதிக் கணக்கில் நேர்முகத்துக்கு 50, எழுத்துத் தேர்வுக்கு 10, கேட்டுக்கு 25, மேலே சொன்ன அதே ரேட்டிங்குக்கு 15. நுழைவாயிலில் 65 ஆக இருந்தது உள்ளே போனதும் 25. இந்த எடைகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றும். எழுதும் ஆண்டின் ஆவணத்தை எடுத்து, உங்கள் எண்களை ஒரு எக்செல் தாளில் போட்டுப் பார்ப்பது மாக் தேர்வுக்குக் காசு கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

பெங்களூருவும் பள்ளி, பட்டம், வேலை எல்லாவற்றையும் எண்ணும் வகைதான். பல ஐ.ஐ.எம்.கள் பெண்களுக்கும், பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் சில புள்ளிகள் கூடுதலாகத் தருகின்றன. புதிய ஐ.ஐ.எம்.களில் பல சேர்ந்து ஒரே பொது நேர்முகம் நடத்துகின்றன. பள்ளி மதிப்பெண் சறுக்கியவர்களுக்கு அந்தப் பக்கம் கதவு சற்று அகலம். ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யின் முக்கியப் படிப்புகளுக்கு வேறு தேர்வு, ஸாட். அங்கே கேட் எண்ணைக் கொண்டுபோனால் பயனில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் நுழைவுத் தேர்வும் தனிப் பாதை.

யாருக்கு இது தகும்

பள்ளியிலும் கல்லூரியிலும் 90ஐத் தாண்டியவருக்கு இதைவிட மலிவான முதலீடு கிடையாது. அவர் கேட்டில் தேவையான அளவுக்கு வந்தால் போதும், அபாரமாக வர வேண்டியதில்லை. ஆனால் இப்படிப்பட்டவர்கள்தான் 99.9ஐ இலக்கு வைத்து, நேர்முகத்துக்கு ஒரு மணி நேரம்கூடத் தயார் செய்யாமல் போய் நிற்கிறார்கள். கேட்டுக்கு 25, நேர்முகத்துக்கு 50 என்ற கணக்கை மறுபடி பார்க்கவும்.

60களிலும் 70களிலும் நிற்பவருக்கு, அகமதாபாத்துக்கென்றே இதை வாங்குவது நஷ்டக் கணக்கு. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., புதிய ஐ.ஐ.எம்.கள் என்று பட்டியலை மாற்றிக்கொண்டால் அதே 2,600 ரூபாய் நன்றாக உழைக்கும். அகமதாபாத்தின் இரண்டாண்டுக் கட்டணம் 25 லட்சத்துக்கு மேல் போய்விட்ட காலத்தில், அரசு நிறுவனத்தின் குறைந்த கட்டணப் படிப்பைத் தாழ்வாக நினைக்கவும் காரணமில்லை.

விலக்க வேண்டிய செலவு, மலைபோல் வாங்கிக் குவிக்கும் மாக் தேர்வுப் பொதிகள். இணையத்தில் முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் விடைகளோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆண்டுக்கு மூன்று வேளை. ஐந்து ஆண்டு எடுத்தால் 15 தாள். ஒரு தாளை 2 மணி நேரத்தில் எழுதி, 4 மணி நேரம் அலசினால் 90 மணி நேரப் பயிற்சி ஆயிற்று. இதை முடித்தபின் பத்துப் பதினைந்து மாக் போதும். மாக்கில் வரும் பெர்சென்டைலை நம்ப வேண்டாம்; அதை எழுதும் கூட்டம் வேறு, தேர்வெழுதும் கூட்டம் வேறு. அதில் பார்க்க வேண்டியது எந்தக் கேள்வியில் நேரம் வீணானது என்பதை மட்டும்.

விண்ணப்பத்திலேயே தோற்பது

விண்ணப்பத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சதவீதம், சான்றிதழில் உள்ள எல்லாப் பாடங்களையும் சேர்த்துத்தான். சிறந்த ஐந்து பாடம் என்று போட்டால் பின்னால் சரிபார்ப்பில் சிக்கும். கல்லூரிச் சி.ஜி.பி.ஏ.வுக்குப் பல்கலைக்கழகம் மாற்றும் முறை தந்திருந்தால் அதன்படி. இல்லையென்றால் பெற்றதை அதிகபட்ச சி.ஜி.பி.ஏ.வால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் அடிவாங்குவது சாதிச் சான்றிதழில். கையில் இருக்கும் மாநில பி.சி., எம்.பி.சி. நிரந்தரச் சான்று இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்று வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டுக்கு உரியதாக. மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சமூகமும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் முதலில் அங்கே பெயரைத் தேட வேண்டும். விண்ணப்பப் பதிவு ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பரில் மூடும். தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுக்கச் சரியான நேரம் ஜூன். பதிவு செய்த பிறகு பிரிவை மாற்ற முடியாது, கட்டிய பணமும் திரும்பாது.